கால் வலி என்று வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்: செட்டிநாட்டு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்து எழுதும் டாக்டர்களுக்கும், ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும் அமைப்பாளர்களுக்கும்,

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த சர்க்கரை நோய் முகாமின் நோட்டீஸில் ‘பாதப் பரிசோதனை’ என்று போட்டிருந்தீர்கள். காலையில் அதற்கென்று ஒரு மேஜையும் போட்டிருந்தது. கூட்டம் ஏறியதும் அந்த மேஜையைத் தூக்கி ரத்தம் எடுக்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி, அன்றைக்கு நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அடுத்த முகாமின் நோட்டீஸ் என் கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு வந்திருக்கிறது. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, இ.சி.ஜி. உண்டு, கண் உண்டு. பாதம் இல்லை. கொண்டுவந்த பையனிடம் கேட்டேன். “நேரம் பத்தலைண்ணே, அதான் எடுத்துட்டாங்க” என்றான். இந்த முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு மருந்தாளுநர். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் மருந்துக்கடை நடத்துகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், மதுரை, திருச்சி என்று நாலா பக்கத்துச் சீட்டும் என் கைக்கு வரும். மருந்து எழுதும் அதிகாரம் உங்களுடையது. அதில் நான் கை வைக்கவில்லை. எழுதியதை வாசிப்பதும், ஒரு மாத்திரை இன்னொன்றோடு ஒத்துப்போகுமா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரே ஆளின் சீட்டை வருஷக்கணக்கில் வாசிக்கிறவன் நான். உங்களில் ஒவ்வொருவரும் பார்ப்பது உங்கள் சீட்டை மட்டும்தான். ஆகவே எனக்குத் தெரிவதை உங்களிடம் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

முகாம் முடிந்த மதியம் சீட்டுகள் கடைக்கு வந்தன. கால் வலி, கால் எரிச்சல், ஆடுசதை இழுப்பு என்று சொன்னவர்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே சீட்டு: நரம்பு வலிக்கான பிரீகாபலின், நரம்புக்கான வைட்டமின் மீத்தைல்கோபாலமின், கால்சியம், ஒரு வலி மாத்திரை, அந்த வலி மாத்திரைக்காக ஒரு கேஸ் மாத்திரை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்களின் சீட்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் தவறாமல் இருந்தன. இரண்டு விதமான சீட்டிலும் இருந்தது ஒரே கையெழுத்து. அந்த முகாமில் மட்டும் இப்படி என்றால் இந்த மடலுக்கு அவசியமே இல்லை. என் கடையில் நான் பார்க்கும் வழக்கமே இதுதான்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பதும், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் படிந்து அடைப்பதும் ஒரே நோய் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் இறப்பது மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சீட்டில் அது இறங்குவதில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு ஓடு உடைந்தால் அன்றைக்கே ஆள் வைத்து மாற்றுவார்கள். இரண்டாங்கட்டில் ஒழுகினால் அடியில் ஒரு அண்டாவை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நெஞ்சுக்கு ஓடு மாற்றுகிறீர்கள். காலுக்கு அண்டா வைக்கிறீர்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். நாள் முழுக்கக் கண்ணாடித் தட்டின் முன்னால் குந்தியிருந்து சாயமும் சிமெண்டும் ஊற்றுகிற வேலை. சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து என் கடை கூப்பிடு தூரம். அதற்குள் இரண்டு இடத்தில் நிற்பார். முதலில் டீக்கடை வாசல், அப்புறம் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டுத் திண்ணை. என்னவென்று கேட்டதற்கு, “நடந்தா ஆடுசதையைக் கவ்விப் பிடிக்குதுண்ணே. நின்னா ரெண்டு நிமிசத்துல விட்டுருது. திரும்ப நடந்தா அதே தூரத்துல பிடிக்குது” என்றார். நடந்தால் வரும், நின்றால் போகும், அதே தூரத்தில் திரும்பி வரும். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியுமா?

அவருடைய மஞ்சப்பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டு இருந்தது. பெஞ்சில் வைத்துப் பிரித்தோம். பிரீகாபலின் 75 ஒன்றில், அடுத்ததில் 150. தலை சுற்றுகிறது என்றதும் அதே மருந்து வேறு கம்பெனியில். டைக்ளோஃபெனாக் ஊசி. முட்டித் தேய்மானம் என்று ஒரு எக்ஸ்ரே. கொழுப்பு மாத்திரை ஒரு சீட்டில் இருந்து அடுத்ததில் காணாமல் போயிருந்தது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் காக்கிற மாத்திரை எதிலும் இல்லை. பாதத்தில் நாடி கிடைக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எதிலும் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ரோமமே இல்லை. தோல் மினுமினுப்பாக இருந்தது. நகம் தடித்து வளைந்திருந்தது. இரண்டு பாதத்தின் மேலும் கை வைத்தால், வெயிலில் நடந்து வந்த மனிதருக்கு ஒரு பாதம் சூடு, ஒரு பாதம் சில்லென்று. மதுரைக்குப் போகச் சொன்னேன். அங்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துத் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இன்றைக்கு மாத்திரையோடு இருக்கிறார், முன்னைவிட நடக்கிறார், பீடியை இன்னும் முழுசாக விடவில்லை.

அவர் ஆண்பிள்ளை, பஸ் ஏறிக் கடைக்கு வந்தார், நான் நேரில் பார்க்க முடிந்தது. இன்னொருவர் ஒரு ஆச்சி. பெரிய வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். மாத்திரை வாங்க வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் வருவார். டாக்டரைப் பார்ப்பது பெரும்பாலும் போனில். பிள்ளைகள் அங்கிருந்து ஏற்பாடு செய்து, வீடியோவில் ஆச்சியின் முகத்தைப் பார்த்து, சர்க்கரை அளவைக் கேட்டு, சீட்டு வாட்ஸ்அப்பில் எனக்கு வரும். கால் எரியுது என்றதும் பிரீகாபலின். இன்னும் எரியுது என்றதும் டோஸ் கூட்டல். அந்த அக்கா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “ஆச்சி ராத்திரியெல்லாம் கட்டில்ல உக்காந்து காலைக் கீழ தொங்கப் போட்டுக்கிட்டேதான் இருக்காக. நீட்டிப் படுத்தா வலி தாங்க மாட்டேங்குதாம். தொங்கப் போட்டா கொஞ்சம் சுகமா இருக்காம்.” உடனே அந்த டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். தகவலைச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்து வந்த சீட்டில் ஒரு தூக்க மாத்திரை கூடியிருந்தது.

காலைத் தொங்கப் போட்டால் குறைகிற ராத்திரி வலி எதைக் காட்டுகிறது என்று எம்.பி.பி.எஸ். படித்த எல்லாருக்கும் தெரியும். ரத்தம் கீழே இறங்கப் புவி ஈர்ப்பின் தயவு தேவைப்படுகிற கால் அது. சில வாரத்தில் கட்டை விரல் கறுத்தது. மஞ்சள் பற்று போட்டிருக்கிறார்கள், எண்ணெய் தடவியிருக்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது குழாய் மூலம் திறக்கிற கட்டம் கடந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு என் கடைக்கு வந்தது. ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாடின் 40. ஆச்சியின் சீட்டில் அந்த இரண்டு பெயரையும் நான் வாசித்தது அன்றைக்குத்தான் முதல்முறை. காலை எடுத்த பிறகுதான் காலுக்கான மாத்திரை அவருக்கு எழுதப்பட்டது. ஆஸ்பிரின் 75 ஒரு மாத்திரை ஒரு ரூபாய்கூட ஆகாது, டாக்டர்களே. மாத்திரை எழுதியிருந்தால் கால் நிச்சயம் நிலைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. அந்த வாய்ப்பு அவருக்குத் தரப்படவே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இது செட்டிநாட்டில் மட்டும் உள்ள குறை என்று உங்களைக் கூண்டில் ஏற்றவும் நான் வரவில்லை. அமெரிக்காவில் பார்ட்னர்ஸ் என்ற ஆய்வு 2001-இல் வெளிவந்தது. 70 வயதைக் கடந்தவர்கள், 50 முதல் 69 வரை வயதுள்ள புகைப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் என்று சாதாரண மருத்துவமனைகளுக்கு வந்த 6,979 பேரின் காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். 29 சதவீதம் பேருக்குக் கால் ரத்தக்குழாய் நோய் இருந்தது. ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டிருந்தவர்களிலும், அவர்களுடைய டாக்டர்களில் பாதிப் பேருக்குத்தான் அது தெரிந்திருந்தது. 44 நாடுகளில் 67,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த ரீச் பதிவேட்டிலும் இதே கதை: இதய நோயாளிக்குப் போகிற கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும் கால் நோயாளிக்குக் குறைவாகவே போயிருந்தன. ஊர் உலகமெல்லாம் நடப்பதுதானே என்று விட்டுவிட இது காரணமாகாது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. இங்கே தெருவுக்குத் தெரு அதைக் கண்ணால் பார்க்கிறோம்.

கொழுப்பு மாத்திரை பற்றி நின்று பேசவேண்டும், ஏனென்றால் என் கடையில் அதிகம் காணாமல் போவது அதுதான். மதுரையில் ரத்தக்குழாய் நிபுணர் அட்டோர்வாஸ்டாடின் 40 எழுதி அனுப்புகிறார். மூன்று மாதத்தில் ஊரில் ரத்தம் எடுத்தால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைந்திருக்கிறது. “கொலஸ்ட்ரால் நார்மலாயிடுச்சு, நிறுத்திடலாம்” என்று நிறுத்தப்படுகிறது, அல்லது 10 ஆகிறது. மாத்திரை சாப்பிட்டதால்தானே அது நார்மல்? இந்த நோயில் ஸ்டாடின் என்கிற இந்தக் கொழுப்பு மாத்திரை கொடுப்பது ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைச் சரிசெய்ய மட்டும் இல்லை. 2002-இல் வந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஆய்வில் 20,536 பேர். அதில் 6,748 பேருக்குக் கால் ரத்தக்குழாய் நோய். சிம்வாஸ்டாடின் 40 சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. ஆரம்பத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. இன்றைய வழிகாட்டு நெறிகள் இவர்களுக்குக் கேட்பது வீரியமுள்ள அளவு: அட்டோர்வாஸ்டாடின் 40 அல்லது 80, ரோசுவாஸ்டாடின் 20 அல்லது 40.

இன்னொரு பக்கம், நோயாளிகளே நிறுத்துகிறார்கள். கொழுப்பு மாத்திரை தசையைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றினால் அந்த வாரம் என் கடையில் விற்பனை குறைவது எனக்குக் கண்கூடு. ரத்தம் போகாததால் வரும் ஆடுசதை வலியை மாத்திரையால் வந்த வலி என்று நினைத்து, காலைக் காக்கிற மருந்தையே விட்டுவிடுகிறார்கள். ஸ்டாடினால் உண்மையிலேயே தசை வலி வருபவர்களும் உண்டு. அதை ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. அளவைப் பார்த்து, மருந்தை மாற்றிப் பார்த்து நீங்கள்தான் பிரித்துச் சொல்லவேண்டும். நான் கவுண்டரில் நின்றுகொண்டு சொன்னால், “விக்கிறவன் அப்படித்தான் சொல்வான்” என்கிறார்கள்.

ஆஸ்பிரினிலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை உள்ள எல்லாருக்கும் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. தொந்தரவே இல்லாதவர்களுக்குக் காலின் ரத்த அழுத்த அளவு சற்றுக் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள், 2008-இலும் 2010-இலும் வந்தவை, பலன் இல்லை என்றே முடிந்தன. ரத்தக்கசிவு என்பது சின்ன விஷயம் இல்லை. நான் பேசுவது நடந்தால் வலிக்கிறவர்களைப் பற்றி, புண் ஆறாதவர்களைப் பற்றி, குழாய் திறக்கப்பட்டவர்களைப் பற்றி. அவர்களுக்கு ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ ஏதாவது ஒன்று வேண்டும். 1996-இல் கேப்ரி ஆய்வில் குளோபிடோக்ரல் ஆஸ்பிரினைவிட ஒரு படி மேலே நின்றது. அந்த வித்தியாசம் கால் நோயாளிகளிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. காலில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் 2.5 இரண்டு வேளை என்று பெரிய மருத்துவமனைகளில் இப்போது எழுதுகிறார்கள். 2017-இலும் 2020-இலும் வந்த ஆய்வுகளின் பின்னணியில் வந்த சிகிச்சை அது. ஊருக்கு வந்தபின் ஈறில் ரத்தம் கசிந்தது என்று யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியது எழுதிய டாக்டருக்குத் தெரிவதில்லை. நிறுத்துவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை பேசலாமே.

அடுத்தது சிலோஸ்டசால். நடக்கும் தூரத்தைக் கூட்டுகிற மருந்து, 100 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அல்லது இரண்டு மணி கழித்து. பலன் தெரியச் சில வாரம் ஆகும். பல சீட்டில் இது மட்டும் தனியாக வருகிறது, ஆஸ்பிரின் இல்லாமல், ஸ்டாடின் இல்லாமல். மாரடைப்பைத் தடுக்க இதை நம்ப முடியாது. நோயாளிக்கு நடக்க முடிந்துவிட்டதால் நோய் போய்விட்டது என்று நிம்மதி வேறு வந்துவிடுகிறது. இதய வீக்கம், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அப்படிப்பட்டவர்களின் சீட்டிலும் பார்த்திருக்கிறேன், போன் செய்து மாற்ற வைத்திருக்கிறேன். மாற்றிய டாக்டர் கோபப்படாமல் நன்றி சொன்னார் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று கேஸ் மாத்திரை. நம் பக்கத்தில் ஒமெப்ரசோல் கேட்காத வீடு உண்டா? பிரஷருக்கான டில்டியாசெம், கேஸ் மாத்திரையான ஒமெப்ரசோல் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிலோஸ்டசாலை 50-ஆகக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் அது ஏறிக்கொண்டு தலைவலியும் படபடப்பும் வரும். அதே ஒமெப்ரசோல் குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். பேன்டோபிரசோல் எழுதினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். வலிக்கென்று ஐபுப்ரோஃபென் எழுதினால் அது ஆஸ்பிரின் வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டைக்ளோஃபெனாக் பிரஷரையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ரத்தம் போகாத காலுக்கு வலி மாத்திரை மட்டும் கொடுப்பதில் வரும் கெடுதலை நான் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். பென்டாக்சிஃபைலினை ‘ரத்த ஓட்ட மாத்திரை’ என்று இன்னமும் நம்பி எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். நடக்கும்போது வரும் வலிக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டு நெறி சொல்லிவிட்டது.

நரம்பு மாத்திரை எழுதுவது தப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. சர்க்கரையில் நரம்பும் கெடும், குழாயும் அடைபடும். ஒரே காலில் இரண்டும் இருக்கும். நரம்பு மரத்துப்போனவருக்கு நடந்தாலும் வலி தெரியாது, நேராகப் புண்ணில்தான் வந்து நிற்பார். ஆகவேதான் கை வைத்துப் பார்க்கவேண்டும் என்கிறேன். பாதத்தின் மேல் இரண்டு விரலும், கணுக்காலின் உள்பக்கம் இரண்டு விரலும் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நாடி சந்தேகமாக இருந்தால் பிரஷர் கருவியும் கையடக்க டாப்ளரும் போதும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் குழாய் சுண்ணாம்பாகி இறுகி 1.40-க்கு மேல் காட்டி ஏமாற்றும். அவர்களுக்குக் கால் விரலில் அளக்கவேண்டும். முகாமில் இ.சி.ஜி.க்கு ஒதுக்குகிற நேரத்தைவிட இதற்குப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகாது.

புகையிலையைப் பற்றி நீங்கள் வாயால் சொல்கிறீர்கள், சீட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. நிகோடின் சூயிங்கம் என் அலமாரியில் தூசி படிந்து காலாவதியாகிறது. பீடியை விடச் சொல்லி அதட்டுவதோடு நிறுத்தாமல், எத்தனை கம், எத்தனை வாரம் என்று மாத்திரை எழுதுவதுபோல எழுதிக் கொடுங்கள். இளம் வயதில் பீடி குடித்து விரல் கறுக்கிற பையன்களுக்குப் புகையை விடுவதுதான் சிகிச்சை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நடையும் அப்படித்தான். ‘நடக்கவும்’ என்று சீட்டின் அடியில் ஒரு சொல். வலிக்கிறதே என்று அவர் நடப்பதையே விட்டுவிடுகிறார். வலி நன்றாகப் பிடிக்கிறவரை நட, நின்று ஆற்றிக்கொள், மறுபடி நட; ஒரு தடவைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். இந்த முறையில் நடந்தவர்கள் நடக்கும் தூரம் நன்றாகக் கூடுகிறது என்பது பலமுறை நிரூபணமான சங்கதி. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகின்றன. முகப்பிலிருந்து பின்கட்டுவரை வெயில் படாமல், நாய் துரத்தாமல், உள்முற்றமான வளவைச் சுற்றி ஒரு ஆச்சி நடக்கலாம். வலித்தால் உட்கார அங்கேயே திண்ணை இருக்கிறது. பாதத்தில் புண் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் போதும்.

மருந்து கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு வந்தவருக்கு உடனே கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரை வைத்திருக்கிறார்கள். காலுக்குத் தேவையான மருந்துகளும் அவைதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறது. பாதத்துக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்று அரசு தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மருந்து ஊர்வரை வந்துவிட்டது. சீட்டில்தான் வரவில்லை.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

முகாம் அமைப்பாளர்களுக்கு: அடுத்த முகாமின் நோட்டீஸை நிறுத்தி, பாதப் பரிசோதனையைச் சேர்த்து மறுபடி அச்சடியுங்கள். ஐம்பது வயது கடந்த சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், காலில் புண் உள்ளவர்கள், இவர்களுக்கு மட்டும் என்று வைத்தால்கூடக் கூட்டத்தைச் சமாளிக்கலாம். ஒரு கையடக்க டாப்ளரும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு நர்ஸும் வேண்டும். டாப்ளர் வாங்கப் பணம் ஒரு தடையென்றால் எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரர்களிடம் வசூலித்துக் கொடுக்க நான் பொறுப்பு. தைப்பூசத்துக்கு முன்னால் இன்னொரு நாள் பாதத்துக்கென்று தனியாக ஒதுக்குங்கள். பழனிக்குச் செருப்பில்லாமல் நடக்கப்போகிறவர்களில் எத்தனையோ பேர் சர்க்கரைக்காரர்கள். போன வருஷம் குன்றக்குடி தாண்டுவதற்குள் ஆடுசதை பிடித்து வண்டியில் ஏறியதாகச் சொன்னவர்களை என் கடை வாசலிலேயே பார்த்தேன். அவர்களை நடைக்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

டாக்டர்களுக்கு: கால் வலி என்று வருகிறவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்திலும் நாடி பார்த்து, கிடைத்தது, கிடைக்கவில்லை என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். போனில் பார்க்கிற நோயாளி என்றால், பக்கத்தில் உள்ள ஒரு டாக்டரையோ நர்ஸையோ நேரில் அனுப்பிப் பாதத்தைப் பார்க்கச் சொன்ன பிறகு நரம்பு மாத்திரையின் டோஸைக் கூட்டுங்கள். நோய் உறுதியானால் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை ஒன்று, வீரியமான ஸ்டாடின், பிரஷர் இருந்தால் ராமிப்ரில் போன்ற ஒன்று, இவை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். எழுதவில்லை என்றால் ஏன் எழுதவில்லை என்பதை, அல்சரா, ரத்தக்கசிவா, சிறுநீரகமா, இரண்டு வார்த்தையில் குறியுங்கள். அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அது போதும். நிபுணர் எழுதிய மருந்தை நிறுத்துகிறீர்கள் என்றால் காரணத்தைச் சீட்டில் எழுதி, நோயாளியிடமும் சொல்லி அனுப்புங்கள். ராத்திரி வலி, கறுத்த விரல், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், திடீரென்று சில்லிட்டுப்போன கால், இவை வந்தால் மருந்து மாற்றிப் பார்க்காமல் அன்றைக்கே ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்புங்கள்.

மருந்தாளுநர் போன் செய்தால் எடுங்கள். எடுக்க நேரமில்லை என்றால் எந்த நேரத்தில் பேசலாம் என்று கிளினிக்கில் சொல்லி வையுங்கள். மதியம் இரண்டு முதல் நான்குவரை என் கடையில் கூட்டம் இருக்காது. நோயாளிகளின் சம்மதத்தோடு அவர்களுடைய பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் இடத்துக்கு நானே வருகிறேன். நோட்டீஸ் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. திருத்திய நோட்டீஸ் வரட்டும், கண்ணாடியில் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
காரைக்குடி வட்டாரம்